பதினைந்துக்கு ஆறு

தேரடிக்குப் பின்தெருவில் இருக்கும் தஹ்சீன் பாயின் பாத்திரக் கடையில் கண்ணுக்கு அவ்வளவாக வேலை இல்லை. குடத்தின் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினால் தகட்டின் கனம் தெரிந்துவிடும். சுண்டினால் பித்தளையா, மேலே பூசிய சாயமா என்று தெரிந்துவிடும். முப்பது வருஷமாக அதே இடத்தில் அதே அடுக்கு. மேல்வரிசையில் குத்துவிளக்கு, நடுவில் அண்டா, கீழே தட்டும் டம்ளரும். கேட்ட பொருளைத் திரும்பிப் பார்க்காமலே எடுத்துக் கொடுப்பார். அதனால்தான் நாலு மாதமாக அவருக்குக் கண் சரியில்லை என்பது கடைக்கு வந்த யாருக்கும் தெரியவில்லை.

மார்கழியில் ஒரு காலை. கடையைத் திறக்கப் போனவர், ஷட்டரின் கோடுகள் நடுவில் வளைந்து கிடப்பதைப் பார்த்தார். ராத்திரி எவனோ லாரியைப் பின்னுக்கு எடுக்கும்போது இடித்துவிட்டான் என்று நினைத்துத் திட்டிக்கொண்டே கையால் தடவினார். ஷட்டர் நேராக இருந்தது. அவர் வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். வளைவு கொஞ்சம் குறைந்தது. இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தபோது ஷட்டரின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கறைதான் இருந்தது.

பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை இருக்கிற உடம்பு. பாண்டிச்சேரி கண் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா, விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது, இரண்டு கண்ணிலும் இருக்கிறது, வலதில் அதிகம் என்றார். மாதம் ஒரு ஊசி, கண்ணுக்குள்ளேயே. இருக்கிற பார்வையைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது வருமா என்று இப்போது சொல்ல முடியாது. தஹ்சீனின் மனைவி நசீமா அதைக் கேட்டுத் தலையாட்டினாள்.

அன்றிலிருந்து அவர் ஸ்கூட்டரைத் தொடவில்லை. முட்டிவலி என்று சொல்லிக்கொண்டார். கணக்கெழுதுவதை நசீமாவிடம் விட்டார். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விட்டவர், ஞாயிற்றுக்கிழமை காலையை மட்டும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தஹ்சீன் விமானம் ஓட்டுவார். ரிமோட்டில் பறக்கிற விமானம். இறக்கை முனையிலிருந்து முனைவரை ஓர் ஆள் கைவிரித்த அகலம் இருக்கும். பேட்டரியில் ஓடுகிற மோட்டார். வானத்தில் நேராக ஏறி, உச்சியில் நின்று, பக்கவாட்டில் சரிந்து, போட்ட கோட்டிலேயே தலைகீழாக இறங்கும் வகை. ரமணாசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு டச்சுக்காரர், ஊருக்குப் போகும்போது சுமக்க முடியாமல் ஒரு சின்ன விமானத்தைக் கடையில் விட்டுப்போனதில் ஆரம்பித்தது. அப்போது தஹ்சீனுக்கு முப்பத்தெட்டு. அதைப் பத்துத் தடவை உடைத்து, பத்துத் தடவை ஒட்டி, பதினோராவது தடவை பறக்கவிட்டார். இப்போது ஐம்பத்துநாலு. கடையில் உட்கார்ந்தே காலம் கழிந்த மனிதர் அவர். ஹஜ்ஜுக்குக்கூட இன்னும் போகவில்லை. இந்த ஊரை விட்டு அவர் மேலே போனதெல்லாம் அந்த விமானத்தில்தான்.

துணைக்கு தருமன். கீழ்பென்னாத்தூரில் விவசாயக் குடும்பம். சொந்தமாக ஒரு வேன் வைத்து ஓட்டுகிறவன். முதலில் கடைக்குச் சரக்கு ஏற்றிவர வந்தவன், விமானத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டான். அவர்களுக்குப் பறக்கும் மைதானம் தருமனின் நிலத்தை ஒட்டிய ஏரி. தை பிறந்து தண்ணீர் வற்றியதும் ஏரிமண் தரைபோலக் காய்ந்து கிடக்கும். பறப்பதில் தருமனுக்கும் ஆசை உண்டு. அவனும் பெரிதாக ஒன்று கட்டிக்கொண்டிருந்தான். ஆனால் தஹ்சீன் ஓட்டும்போது அவன் வேலை வேறு. அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அடுத்து என்ன வித்தை என்று சொல்ல வேண்டும். ஓட்டுகிறவர் விமானத்தைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. வரிசையை நினைவில் வைத்து, ஒன்று முடியும்முன் அடுத்ததைக் காதில் போடுவது பின்னால் நிற்பவன் பொறுப்பு. "இப்ப நேரா ஏத்துங்க. அரை உருட்டு. நிறுத்துங்க. விடுங்க." ஓசூர்ப் பக்கம் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் போட்டிக்கு இரண்டு பேரும் இப்படித்தான் போய்வந்தார்கள். போன வருஷம் தஹ்சீன் நாலாவதாக வந்தார். இந்த வருஷப் போட்டி அடுத்த மாதம்.

கண் போன விஷயத்தை அவர் தருமனிடமிருந்து மறைத்தது எதைக் கொண்டு என்றால், ப்ரொப்பெல்லரைக் கொண்டு.

விமானத்தின் மூக்கில் சுற்றுகிற அந்த இரண்டு இதழ் விசிறிக்கு இரண்டு அளவு உண்டு. முதல் எண் நீளம். இரண்டாவது எண் இதழின் முறுக்கு. ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் காற்றைத் துளைத்துப் போகும் என்பது. பதின்மூன்றுக்கு எட்டு என்றால் நீளம் கம்மி, முறுக்கு ஜாஸ்தி. விமானம் சீறிக்கொண்டு ஓடும், வித்தை காட்ட வானம் நிறைய வேண்டும். நீளத்தைக் கூட்டி முறுக்கைக் குறைத்தால் விமானம் மெதுவாகும். ஏறும்போது இழுவை இருக்கும், இறங்கும்போது விசிறியே பிரேக் மாதிரி பிடித்துக்கொள்ளும். ஓட்டுகிறவருக்குப் பக்கத்திலேயே, சின்ன வானத்துக்குள்ளேயே எல்லா வித்தையும் முடிந்துவிடும்.

தஹ்சீன் பல வருஷமாகப் பதின்மூன்றுக்கு எட்டுக்காரர். கோடு நீளமாக இருந்தால்தான் அழகு என்பார். தை மாதம் அவர் பதினாலுக்கு ஏழு கேட்டார். "மெதுவா போனா மார்க் ஜாஸ்தி போடறாங்க" என்றார். தருமன் நம்பினான். பங்குனியில் பதினைந்துக்கு ஆறு கேட்டபோது வண்டியை ஓரம்கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"இன்னா பாய், பறக்க உடப்போறீங்களா, நிலத்தை உழப்போறீங்களா? பதினஞ்சு போட்டா நுனி தரையில இடிக்கும்."

"சக்கரக் கம்பியை ஒரு அங்குலம் ஏத்திடலாம்."

"மோட்டாருக்குத் தாங்குமா?"

"தாங்கும். அறுபத்தேழு ஆம்பியர் இழுக்கும். நம்ம கன்ட்ரோலர் எழுபது தாங்கும்."

"மூணுதான் மிச்சம். ஒட்டுனாப்ல போவுது பாய். வேற யாராச்சும் இப்படிக் கேட்டா நீங்களே கல்லால அடிப்பீங்க."

அது உண்மை. புது ப்ரொப்பெல்லர் எதுவாக இருந்தாலும் அதை அளக்காமல் வானத்துக்கு அனுப்பக் கூடாது என்பது தஹ்சீன் போட்ட சட்டம். ஏரிக்கரையில் இருக்கும் வேப்பமரத்தில் விமானத்தின் வாலைக் கயிற்றால் கட்டுவார்கள். பேட்டரிக்கும், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலருக்கும் நடுவில் மீட்டரைச் சொருகி, முழு வேகம் கொடுத்து எண்ணைப் பார்ப்பார்கள். நீளமோ முறுக்கோ கூடினால் மோட்டார் இழுக்கும் மின்சாரமும் கூடும். அது கன்ட்ரோலர் தாங்குகிற அளவைத் தாண்டினால் அந்த ப்ரொப்பெல்லர் பெட்டிக்குத் திரும்பிவிடும். ஒருமுறை அவசரத்தில் அளக்காமல் கிளப்பப் பார்த்த தருமனிடம் அவர் ஒரு வாரம் பேசாமல் இருந்தார்.

ப்ரொப்பெல்லர்கள் பெங்களூரிலிருந்து ஒரே பார்சலில் வந்தன. தஹ்சீனுக்குப் பதினைந்துக்கு ஆறு. தருமனின் பெரிய விமானத்துக்குப் பதினைந்துக்கு எட்டு. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் பார்சலைப் பிரித்தது தஹ்சீன்தான். இரண்டும் ஒரே நீளம், ஒரே கறுப்பு. நடுக்குமிழில் அளவு புடைப்பாக வார்த்திருந்தது. கறுப்பின்மேல் கறுப்பு. முன்பென்றால் இதழைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து அதன் முறுக்கைப் பார்த்தே சொல்லியிருப்பார். இப்போது விளக்கடியில் பிடித்தாலும் இதழ் தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளிந்தது. கட்டைவிரல் நகத்தால் எழுத்தைத் தடவினார். பதினைந்து தெரிந்தது. அடுத்த எண்ணின் கீழே முழு வட்டம். மேலே வட்டம் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று நகத்தை மூன்று முறை ஓட்டினார். திறந்திருக்கிறது என்று முடிவு செய்தார். ஆறு. குடத்தின் கனத்தைத் தப்பாமல் சொல்லும் விரல் அது. அதை அவர் சந்தேகப்படவில்லை.

உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்த நசீமாவைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அவள் என்ன சொல்லுவாள் என்று தெரியும். ஆனாலும் அவள் வந்து வாசல்நிலையில் சாய்ந்து நின்றாள்.

"தருமன் தம்பிகிட்ட சொல்லிடுங்க."

"ஓசூர் முடியட்டும்."

"ஓசூர்ல உங்களுக்கு யாரு மாலை போடப்போறாங்க?"

"மாலைக்கா போறேன்?"

"பின்ன எதுக்கு?"

அவர் ப்ரொப்பெல்லரைத் தனியாக எடுத்து வைத்தார். வானத்தில் விமானம் இருக்கும்வரை தன் கண் இருக்கிறது என்று அவருக்கு ஓர் எண்ணம். விமானத்தை இறக்கிவிட்டால் மிச்சம் இருப்பது ஊசியும் கடையும்தான்.

"விமானம் சின்னதா இருந்தாலும் ரெண்டு கிலோவுக்கு மேல இருக்குன்னு நீங்கதான சொல்லுவீங்க" என்றாள் நசீமா. "நாலு பேரு நடமாடற இடம்."

"ஏரியில யாரு இருக்கா?"

தோசை கருகும் வாசனை வந்தது. அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் தருமன் வரத் தாமதமானது. நிலக்கடலை பிடுங்க ஆள் கிடைத்திருந்தது. அவன் மனைவி ஆதிலட்சுமியையும் கூலிக்கு வந்த பெண்களையும் ஏரியை ஒட்டிய கடலைக் கொல்லையில் இறக்கிவிட்டுத்தான் அவன் டவுனுக்கு வந்தான். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் காற்றும் எழுந்துவிடும்.

தருமன் கயிற்றை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு நடந்தான். தஹ்சீன் விமானத்தின் மூக்கில் நட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். மரத்தில் கட்டினால் மீட்டரைப் பார்க்க வேண்டும். மீட்டரில் எண் நகத்தளவுதான் இருக்கும். முழு வேகத்தில் விசிறி சுற்றும்போது விமானத்தைப் பிடித்துக்கொள்வது தருமன், எண்ணைப் படிப்பது தஹ்சீன். அதுதான் அவர்கள் பழக்கம்.

"கட்ட வேணாம் தருமா" என்றார். "நேத்தே வீட்ல அளந்துட்டேன்."

"எவ்ளோ?"

"அறுபத்தேழு."

தருமன் கயிறோடு நின்றான். பாய் வீட்டில் அளந்ததில்லை. ஆனால் பாய் பொய் சொல்லியும் அவன் கேட்டதில்லை. கயிற்றைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

விமானம் தரையைவிட்டு எழுந்த கணமே தஹ்சீனுக்கு ஏதோ பொருந்தவில்லை. அது மெதுவாகப் போக வேண்டும், ஆனால் ஓடியது. அவர் எதிர்பார்த்த இடத்தில் இல்லாமல் அதற்கும் முன்னால் இருந்தது. ஏரியின் மறுகரையை அது தொடும் முன்பே வெள்ளை வானத்தில் வெள்ளையாகக் கரைந்தது. திருப்பினார். திரும்பிவரும் சத்தத்தை வைத்துப் பிடித்துக்கொண்டார். விசிறியின் சத்தம் கனமாக இருந்தது, சுமை ஏற்றிய வண்டி மேட்டில் ஏறுவதுபோல.

"வேகமா கீதே பாய்" என்றான் தருமன் பின்னாலிருந்து.

"காத்து."

"காத்தே இல்லியே. சரி, நேரா ஏத்துங்க."

ஏற்றினார். மேலே ஏறினால் விமானம் பக்கத்திலேயே இருக்கும், தன் தலைக்கு மேலேயே இருக்கும் என்பதற்காக முழு வேகம் கொடுத்தார். ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. தருமன் "போதும், நிறுத்துங்க" என்று சொல்லவும் சத்தம் அறுந்தது. தேய்ந்து நிற்கவில்லை. கத்தியால் வெட்டியதுபோல் நின்றது.

சத்தம் நின்றதும் தஹ்சீனுக்கு வானத்தில் ஒன்றும் இல்லை.

"இடது! பாய், இடது! இழுங்க!"

அவர் இழுத்தார். எதை எந்தப் பக்கம் இழுக்கிறோம் என்று தெரியாமலே இழுத்தார். கன்ட்ரோலர் எரிந்துபோயிருந்தது. அதிலிருந்துதான் மற்ற எல்லாவற்றுக்கும் மின்சாரம் போக வேண்டும். அவர் சரியாகவே இழுத்திருந்தாலும் விமானம் கேட்டிருக்காது. ஆனால் அது அப்போது அவருக்குத் தெரியாது. தருமன் அவரைத் தள்ளிவிட்டுக் கொல்லைப் பக்கம் ஓடினான்.

"ஏய் லட்சுமி! எழுந்திருங்கடி! ஓடுங்க! மேல பாருங்க!"

பெண்கள் மேலே பார்த்தார்கள். ஓடவில்லை. மேலே பார்க்கிறவர்களுக்குக் கால் ஓடாது. விமானம் ஒரு பக்கம் சாய்ந்து விசில் அடித்துக்கொண்டு வந்து, குந்தி உட்கார்ந்து செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்த வினோதினிக்கும் அவள் கூடைக்கும் நடுவில் மூக்கைச் செருகியது. இறக்கை இரண்டாக மடிந்தது. கூடை பறந்துபோய் விழுந்தது. வினோதினி ஆதிலட்சுமியின் தம்பி மனைவி, கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கையில் பிடித்த செடியோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒரு கீறல் இல்லை.

தஹ்சீனும் ஓடினார். வரப்பு இருப்பது தெரியாமல் தடுக்கி முழங்கை பட விழுந்தார். எழுந்து, கத்தல் வந்த திசையைப் பார்த்து வந்தார். எரிந்த பிளாஸ்டிக் நாற்றம் அவருக்கு வழி காட்டியது. பேட்டரி உப்பிக்கொண்டிருந்தது. அது தீப்பிடிக்கும் முன் பிடுங்க வேண்டும் என்பது கைக்குத் தெரிந்திருந்தது. உடைந்த வயிற்றுக்குள் கையைவிட்டு இழுத்து, வெறும்மண் பக்கம் வீசினார்.

"இன்னா பாய் இது!" ஆதிலட்சுமிக்கு மூச்சு வாங்கியது. "பொம்மை பொம்மைன்னு சொல்லி இத்தினி வருஷமா ஓட்னீங்களே, இதான் உங்க பொம்மையா? ஒரு முழம் தள்ளியிருந்தா என் தம்பிக்கு நான் இன்னான்னு பதில் சொல்றது? யோவ், நீ இன்னா மரம் மாதிரி நிக்கற?"

கடைசிக் கேள்வி தருமனுக்கு. அவன் குனிந்து மண்ணிலிருந்து ப்ரொப்பெல்லரின் நடுக்குமிழை எடுத்திருந்தான். ஒரு இதழ் ஒடிந்து, ஒன்று மிச்சமிருந்தது. அதை வெயிலில் சாய்த்துப் பார்த்தான். அப்புறம் தஹ்சீனின் முழங்கையைப் பிடித்துக் கொஞ்ச தூரம் தள்ளிக் கூட்டிப் போனான்.

"பாய், இது என்னுது. எட்டு."

"ஆறுதான்."

"எட்டுன்னு போட்டிருக்கு பாய்."

அவன் அதை அவர் கையில் வைத்தான். அவர் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவில்லை. கட்டைவிரல் நகத்தை எழுத்தின்மேல் ஓட்டினார். தருமன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு ப்ரொப்பெல்லரை இப்படிப் படிக்கிற மனிதனை அவன் அதுவரை பார்த்ததில்லை.

"வீட்ல அளக்கலதான?"

"இல்ல."

"எப்பலேர்ந்து பாய்?"

"மார்கழி."

தருமன் ஏரியைப் பார்த்தான். பதின்மூன்று, பதினாலு, பதினைந்து என்று அவன் உதடு அசைந்தது.

"அதுக்குத்தான் ஒவ்வொரு தபாவும் பெருசு கேட்டீங்களா? ஸ்லோவா பக்கத்துலயே சுத்தணும்னு?"

"ஆமா."

"நான் ஒரு முட்டாப்பய பின்னால நின்னுகினு இப்ப ஏத்துங்க, இப்ப எறக்குங்கன்னு கத்திகினு இருந்தேனே. நீங்க எதைப் பாத்து ஏத்துனீங்க?"

"பக்கத்துல இருந்தா கொஞ்சம் தெரியும். தெரியாதப்ப சத்தத்தை வெச்சு."

"சத்தம் கீழ யாரு உக்காந்திருக்கான்னு சொல்லுமா?"

"சொல்லாது" என்றார் தஹ்சீன்.

கொல்லையிலிருந்து ஆதிலட்சுமியின் குரல் வந்தது. என்னதான் ஆச்சு என்று யாராவது சொல்லப்போகிறார்களா இல்லையா என்று கேட்டாள். தருமன் அந்தப் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னான்.

"ஒண்ணும் இல்ல லட்சுமி. உள்ள ஒயர் எரிஞ்சுபோச்சு. மிஷின்தான, யாரு இன்னா பண்றது."

சொல்லிவிட்டு அவன் தஹ்சீனைப் பார்க்காமல் நின்றான். அது முழுப் பொய்யும் இல்லை. எரிந்தது எரிந்ததுதான். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று தஹ்சீனுக்குத் தெரிந்தது. ஆதிலட்சுமி இரண்டு நாள் திட்டுவாள், நாலாம் நாள் மறப்பாள். இன்னொரு விமானம் கட்டலாம். இன்னும் மெதுவாகப் பறப்பது ஒன்று. காலியான ஏரியின் நடுவில், யாரும் இல்லாத நேரம் பார்த்து. தருமன் வாயைத் திறக்க மாட்டான். ஏரிக்கரை அவருக்குக் கைவிட்டுப் போகாது. சொல்லிவிட்டால், இன்றோடு சரி.

அவர் அந்தக் குமிழைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, காலால் வரப்பைத் தேடிக் கடந்து, பெண்கள் நின்றிருந்த இடத்துக்குப் போனார்.

"மிஷின் இல்லம்மா" என்றார். "நான்தான். எனக்குக் கண்ணு போயிட்டிருக்கு. தப்பான விசிறியை மாட்டிட்டேன். அளக்காமயே அளந்துட்டேன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட பொய் சொன்னேன். அவர் மேல தப்பு இல்ல."

அருகில் நின்ற பெண்களில் ஒருத்தி "அடப்பாவமே" என்றாள். ஆதிலட்சுமி அவளைத் திரும்பிப் பார்த்ததும் அவள் அடங்கினாள்.

"கண்ணு தெரியாமயா இத்தினி நாளா எங்க தலை மேல ஓட்னீங்க?"

"ஆமாம்மா."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"உங்களைப் பெரிய மனுஷன்னு நெனச்சுகினு இருந்தேன் பாய்." அவள் குரல் இறங்கிவிட்டது. அது கத்தலைவிடக் கஷ்டமாக இருந்தது. "இனிமே அந்த ரிமோட்டுப் பொட்டியைத் தொடக்கூடாது."

"தொட மாட்டேன்."

"என்கிட்ட சொல்லாதீங்க. அவகிட்ட சொல்லுங்க."

வினோதினி இன்னும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். தஹ்சீன் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தார். இத்தனை பக்கத்தில் இருந்தும் அவள் முகத்தின் நடுப்பகுதி அவருக்குத் தெரியவில்லை. காதுத் தொங்கட்டானும் தலைமயிரும் தெரிந்தன. "மன்னிச்சுக்கம்மா" என்றார். "இனிமே தொட மாட்டேன்." அவள் தலை அசைந்தது. பிறகு அவள் கூடையை நிமிர்த்தி, சிதறிய கடலையைப் பொறுக்கிப் போட ஆரம்பித்தாள். அவரும் கையை நீட்டித் தரையைத் துழாவினார்.

"வேணாம் பாய்" என்றாள் வினோதினி மெதுவாக. "முள்ளு இருக்கும்."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

தருமன் வேனை டவுன் பக்கம் கிளப்பினான். பின்சீட்டில் விமானத்தின் துண்டுகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன. வழியில் ஒரு பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது தருமன் தேவைக்கு மேல் ஹாரன் அடித்தான். மலை தெரியத் தொடங்கியது. அது அவ்வளவு பெரிதாக இருந்ததால் தஹ்சீனுக்கும் தெரிந்தது.

கடைத்தெரு முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, இஞ்சினை அணைக்காமல் தருமன் கேட்டான்.

"என்கிட்ட ஏன் பாய் சொல்லல?"

"சொல்லியிருந்தா ஓட்ட உட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

தருமன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் போகவில்லை என்பது அவன் மூச்சிலேயே தெரிந்தது. போகக் கூடாது என்றுதான் தஹ்சீனுக்கும் தோன்றியது. கதவைத் திறந்து, காலால் தரையைத் தேடி இறங்கினார். தருமன் இறங்கி வந்து பிடிக்கவில்லை. அதுவும் நல்லதுதான்.

"அடுத்த ஊசி எப்ப?"

"புதன்கிழமை."

"பஸ்லயா போறீங்க?"

"நசீமா வருவா கூட. ரெண்டு பஸ் மாறணும், பழகிப்போச்சு."

"புதன்கிழமை எனக்கு செங்கம் ட்ரிப்பு இருக்கு." தருமன் கியரைப் போட்டான், எடுத்தான். "அதை வேன் ஓட்ற நம்ம அருணகிரிக்கு உட்டுடறேன். அவன் வண்டி சும்மாதான் கெடக்குது. வெயில் ஏர்றதுக்கு முந்தி வரேன். அக்காவையும் ரெடியா இருக்கச் சொல்லுங்க."

"நீ என்கிட்ட பேச மாட்டேன்னு நெனச்சேன்."

"பேசல. வண்டி ஓட்றேன்."

வேன் நகர்ந்து கூட்டத்தில் கலந்தது. அதன் பின்பக்கம் தஹ்சீனுக்குச் சீக்கிரமே மங்கிவிட்டது. சத்தம் தெருமுனை திரும்பும்வரை கேட்டது. நசீமா கல்லாவைவிட்டு எழுந்து வந்தாள். அவர் சட்டையில் ஒட்டியிருந்த செம்மண்ணையும் தோல் உரிந்த முழங்கையையும் பார்த்தாள். யாருக்காவது பட்டதா என்றுதான் முதலில் கேட்டாள்.

"யாருக்கும் படல."

"விமானம்?"

"போச்சு."

"தம்பிக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். நானே சொல்லிட்டேன்."

அவள் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, படியிலேயே உட்காரவைத்து, முழங்கையைக் கழுவினாள். யாரோ ஒரு வெளியூர்க்காரர் வந்து, காமாட்சி விளக்கு இருக்கிறதா, என்ன விலை என்று கேட்டார். தஹ்சீன் இருந்த இடத்திலிருந்தே, மேல்வரிசையில் மூன்றாவது, எடுத்துப் பாருங்கள் என்றார்.